டுபாய்க் கடனுக்கு விசுவமடுக் காணியை விக்காதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பரந்தனில சின்னதா ஒரு கொமினிகேசன் கடை வச்சிருக்கிறன், மெயிலிலயும் வாட்ஸ்அப்பிலயும் வாற பேப்பருகளை பிரிண்ட் எடுக்க, வாசிச்சுச் சொல்லச் சொல்லிக் கேக்க சனம் இஞ்சதான் வரும். இப்ப கூட வாறது டுபாய் பாங்கில லோன் எடுத்துப்போட்டு வேலை போய் வீட்டை வந்து நிக்கிற பெடியளின்ர கடிதங்கள்தான். பெடியன் வாய் திறக்க மாட்டான், தாய்தான் கொண்டு வந்து "தம்பி, எங்கட காணியை எடுத்துப் போடுவாங்களோ" எண்டு கேக்கிறா. விசுவமடுவில ஒரு குடும்பம் காணி உறுதியைக் கையில வச்சுக்கொண்டு ஆள் தேடித் திரியுது விக்கிறதுக்கு. கடன் அறவிடுற ஆக்கள் போன் எடுத்து நாளைக்குப் பொலிஸ் வரும் எண்டு வெருட்டினவங்களாம். மைக்ரோ பினான்ஸ் எண்டு சின்னக் கடன் குடுக்கிற ஆக்கள் வாசல்ல வந்து குந்தியிருந்ததைப் பாத்த சனம் நம்பத்தானே செய்யும்.

ஐயா, கையெழுத்து வச்சது மகன். தாய் தகப்பன் பிணை நிக்கேல்ல எண்டா அவையின்ர காணிக்கும் அந்தக் கடனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. டுபாய் கோட்டுத் தீர்ப்பைக் கொண்டு வந்து நேர எங்கட படலையில தட்டேலாது, இலங்கைக் கோட்டுக்குத்தான் முதல் போகோணும்.

அதுக்காக கடன் கரைஞ்சு போகும் எண்டும் இல்லை. 2018 ல வறட்சி மாவட்டங்களில பொம்பிளையள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட மைக்ரோ பினான்ஸ் கடனை அரசாங்கம் கழிச்சு விட்டது, இதையும் ஆரும் கழிச்சு விடுவினம் எண்டு ஒரு பெடியன் என்னட்டயே சொன்னவன், சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்ல. இன்னும் சிலர் லோனுக்கெண்டு பாங்குக்குக் குடுத்த செக்கைப் பற்றி "சட்டம் மாறீட்டுது, செக் திரும்பினா இப்ப ஜெயில் இல்லை" எண்டு கதைக்கினம். பாதி உண்மை. 2022 ஜனவரி 2 ல இருந்து டுபாய் இருக்கிற எமிரேட்ஸ் நாட்டில கணக்கில காசில்லாம செக் திரும்பினது மட்டும் குற்றம் இல்லை, ஆனா அதே சட்டத்தால திரும்பின செக்கையே தீர்ப்பு மாதிரி வச்சுக்கொண்டு பாங்க் நேர தீர்ப்புகளை நிறைவேத்துற நீதிமன்றத்துக்குப் போகலாம், கணக்கை முடக்கலாம், பயணத் தடை கேக்கலாம், திரும்ப அங்க வேலைக்கெண்டு இறங்கேக்கதான் இதெல்லாம் பெடியனுக்குத் தெரிய வரும். செக்கைக் குடுத்துப்போட்டு வேணுமெண்டு கணக்கை மூடினா இண்டைக்கும் குற்றம்தான். கட்டாரில சட்டம் வேற, அங்க திரும்பின செக்குக்கு 3 மாசம் தொடக்கம் 3 வருசம் வரைக்கும் சிறை, இல்லாட்டித் தண்டம், இல்லாட்டி ரெண்டும், டுபாய்க் கதையை அங்க கொண்டு போய் நம்பேலாது.

எமிரேட்ஸ் மத்திய வங்கி 2011 லயே விதி போட்டிருக்கு, தனிநபர் கடன் சம்பளத்தின்ர 20 மடங்குக்கு மேல இல்லை, 48 மாசத்துக்குள்ள முடியோணும், தவணை சம்பளத்தில பாதிக்கு மேல போகக் கூடாது. இது தெரிஞ்சிருந்தா எத்தினை பேர் கையெழுத்து வைக்க முதல் யோசிச்சிருப்பினம்.

வேலை போனா ஒளிக்காம பாங்குக்கு எழுத்தில அறிவிச்சு தவணையைக் குறைக்கக் கேளுங்கோ, லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ எண்டு பேப்பரில பாருங்கோ. கேசை முடிச்சுத் தாறன் எண்டு வாற புரோக்கரின்ர கையில காசு குடுக்காதேங்கோ, பாங்கின்ர கணக்குக்கே கட்டி கடன் முடிஞ்சுது எண்ட கிளியரன்ஸ் லெட்டர் வாங்குங்கோ, வழக்குப் போட்டிருந்தா அது முடிஞ்சதுக்கும் பேப்பர் வேணும்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஆக்கள் வெளிநாடு போக முதல் குடுக்கிற பயிற்சியில இதுக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கோணும். நீங்களும் ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சு வாரம் ஒருக்கா எழுத வைச்சா அந்தத் தாய்மார் கொமினிகேசன் கடைக்காரனிட்ட சட்டம் கேக்க வேண்டி வராது.

இப்படிக்கு,
பரந்தன் வாசகன்