அந்த இரண்டு காட் மீன்கள்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ அதைச் சொன்னபோது அம்மாவும் சித்தியும் பக்கத்திலேயே இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கே கனடாவில் நண்பர்கள் நாலு பேர் படகு எடுத்துக்கொண்டு போனீர்கள், தூண்டில் போட்டதும் அந்தக் குளிர்கடலின் காட் மீன் வரிசையாக ஏறியது, ஆளுக்கு 5 என்றாலும் படகுக்கு மொத்தம் 15 தான் என்பது அங்கே சட்டம், நீங்கள் 17 பிடித்து, மிச்ச இரண்டை ஜாக்கெட்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். கரையில் நின்ற அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பிவிட்டார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "இவ்வளவு பெரிய கடல்ல ரெண்டு மீனுக்கு என்னப்பா கணக்கு" என்றாய்.

எய்யா, அந்தக் கணக்கைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

இங்கே மும்பையில், சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் நான் மீன் கணக்கு எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு ஆன்டாப் ஹில்லில் இருந்து கிளம்பிப் போய், பிற்பகல் திரும்பி வரும்போது சட்டையில் அடிக்கும் வாடையை நீ சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்வாய். ஆனால் அந்த நோட்டில் நான் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. ஆரம்பத்தில் வாவல், அதாவது இங்கே பாப்லெட், கிலோவுக்கு இரண்டு, மூன்றுதான் நிற்கும். போகப் போக நாலு, ஆறு. கடைசி வருஷங்களில் கிலோவுக்கு எட்டு, பத்து என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கிலோ குறையவில்லை என்பதால் முதலாளிக்கும் கவலை இல்லை, எனக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு நாள் ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கூடை சாய்ந்து கொட்டிவிட்டது. அள்ளிப் போடலாம் என்று குனிந்தேன். கையில் வந்தது வாவல் குஞ்சு, என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். லைட் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே முள் வரிசை நூல் மாதிரி தெரிந்தது. கூடை முழுக்க அதுதான். சாப்பிடுவதற்கு ஆகாது, மீன் தூள் அரைக்கும் இடத்துக்குப் போகும், கோழித்தீவனத்துக்கு. நம் ஊர்ப் பக்கம் அதைச் சங்காயம் என்பார்கள். நான் நோட்டில் "சங்காயம், 1 கூடை" என்று எழுதிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட்டேன். அந்தக் கூடையில் எத்தனை ஆயிரம் குஞ்சு இருந்தது என்று ஒருவரும் எண்ணவில்லை. எண்ணுவதற்காகவே சம்பளம் வாங்கிய நானும் எண்ணவில்லை. இன்றைக்கும் அது எனக்கு மனசில் கிடக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1981 லேயே வந்துவிட்டது. மேற்குக் கரை முழுக்க ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், நிறைய மீன் சினை விடுகிற மாதங்கள் அவை. கூட்டத்தையே வளைத்து அள்ளும் பர்ஸ் சீன் வலைக்கு 2016 இல் கட்டுப்பாடு போட்டார்கள். நான் வேலையை விட்ட 2023 ஆம் வருஷம்தான் பாப்லெட்டை மாநில மீன் என்று அறிவித்தார்கள், அதே வருஷம் 54 வகை மீனுக்கு இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றும் ஆணை வந்தது. பாப்லெட் என்றால் 135 மில்லிமீட்டர், பொம்பில், அதாவது பாம்பே டக் மீன் என்றால் 180. நல்ல சட்டம்தான். ஆனால் இருட்டில் நூறு படகு ஒரே நேரத்தில் வந்து ஒதுங்கும் கரையில் யார் ஸ்கேலை வைத்து அளப்பது? படகுக்காரனுக்கு டீசல் கடன், படகில் கூலிக்குப் போகும் கலாசிக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சின்ன மீனை வாங்க ஆள் இருக்கும்வரை அது வலையில் வந்துகொண்டுதான் இருக்கும்.

நம் ஊரில் உன் சித்தப்பா வள்ளம் வைத்திருக்கிறாரே, போன மாதம் பேசும்போது அவருக்கும் இதே ஆதங்கம். சுருக்குமடி வலையை, அதாவது அதே பர்ஸ் சீனை, தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தார்கள். "12 மைலை யாரு அண்ணே கடல்ல கோடு போட்டு வச்சிருக்கா" என்று கேட்டார். உன் தாத்தா காலத்தில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுமரம்கூட இறங்காது. கோயிலுக்காக என்றுதான் வைத்தார்கள், ஆனால் வாரத்தில் ஒரு நாள் கடலுக்கும் ஓய்வு கிடைத்தது. இங்கே மும்பை மீனவர்களான கோலிக்காரர்களும் மழைக்காலத்தில் வரும் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் படகை இறக்குவார்கள். எந்த அதிகாரியும் நின்று பார்க்காமலே அது நடந்தது.

இப்போது நீ இருக்கும் ஊருக்கு வருகிறேன். உன்னிடம் பேசி முடித்த பிறகுதான் நீ இருக்கும் அந்தக் கனடாத் தீவு, நியூஃபவுண்ட்லாந்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1497 இல் ஜான் கேபட் வந்த காலத்தில், கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீன் ஏறிவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலில் 1968 இல் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் காட் பிடித்திருக்கிறார்கள், வலையை இழுத்துக்கொண்டு போகும் ராட்சத ட்ராலர்கள், பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கப்பல்கள். 1977 இல் கனடாக்காரர்கள் 200 மைல் எல்லையைப் போட்டு அந்தக் கப்பல்களை வெளியேற்றினார்கள், அப்புறம் சொந்த ட்ராலர்களை இறக்கினார்கள். மீன் சிறுத்துவிட்டது, வரத்துக் குறைந்துவிட்டது என்று கரையோரத்துச் சின்னப் படகுக்காரர்கள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் ட்ராலர் வலை நிறைந்துதான் வந்தது. காட் கூட்டமாகச் சேரும் மீன். மிச்சம் இருப்பது கொஞ்சம் என்றாலும் ஒரே இடத்தில் கூடி நிற்கும், கருவி வைத்துத் தேடிப் போகும் கப்பல் அந்த இடத்துக்கே போய் வலையை இழுக்கும். அந்த வரத்தை வைத்துக் கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு என் நோட்டுதான் ஞாபகம் வந்தது, கிலோ மட்டும் குறையாத அந்த நோட்டு.

1992 ஜூலை 2 இல் பிடிப்பை முழுசாக நிறுத்தினார்கள். நான் டாக்கில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது, குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள். 2024 இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள், எடுக்கும்போது வருஷத்துக்கு அவர்கள் அனுமதித்தது 18,000 டன். 8 லட்சம் எங்கே, 18,000 எங்கே!

நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் அப்பா மீன் பிடித்தவர் என்று ஒரு தடவை சொன்னாய். அவர்கள் எல்லாம் தொழிலையே விட்டுக் காத்திருந்து மிச்சம் வைத்த மீனய்யா அது. காட் சினை பிடிக்கவே ஐந்தாறு வருஷம் ஆகுமாம். அப்படிப்பட்ட கடலில் வெளியூரில் இருந்து படிக்க வந்த உன்னையும் தூண்டில் போட விடுகிறார்கள், அதற்கு லைசென்ஸ்கூடக் கேட்பதில்லை. உங்களிடம் கேட்பதெல்லாம் அந்த எண்ணிக்கை ஒன்றைத்தான். பிடித்ததைத் திருப்பி விட்டுவிட்டுப் பெரிதாகப் பார்த்து எடுக்கவும் கூடாது என்று படித்தேன், அதனால் 15 ஆனதும் தூண்டிலைச் சுருட்டி வைப்பது ஒன்றுதான் வழி. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

நான் எண்ணாமல் விட்டதை நீயும் விடாதே என்று கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதிகாரியிடம் போய் ஒப்புக்கொள் என்று நான் சொல்லவில்லை, அதை நீயே யோசித்து முடிவு செய். ஆனால் கூடப் போன பையன்களிடம் இதைப் பேசு. அடுத்த தடவை படகில் ஏறும்போது எண்ணுகிற வேலையை நீ எடுத்துக்கொள், பதினைந்தாவது ஏறியதும் சத்தமாகச் சொல்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் உனக்கு நெத்திலிக் கருவாடு அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அங்கே கஸ்டம்ஸில் விடுவார்களா என்று விசாரித்து எழுது. குளிருக்கு அந்தக் கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா