கடைப் பூவைத் தோசையில் தூவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் செண்டுமல்லி இதழ் தூவிய சாலட் படத்தைப் பார்த்து, "அட, நம்ம பூ!" என்று என் மனைவி சிரித்தார். சாப்பிடலாம் என்பது சரிதான். ஆனால் எங்கே பறித்த பூவை என்று நீங்கள் சொல்லவில்லை.

சத்தியமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் செண்டுமல்லி வைத்திருக்கிறேன். செம்பேன் விழுந்தால் மருந்து அடிப்பவன் நான்தான். விலை இருந்தால் அடித்த மூன்றாம் நாளே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவேன். மாலைக்குப் போகிற பூவை யார் வாயில் வைக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

வீட்டுக்கு என்று அடுப்படிக்குப் பின்னால் ஆறு செடி நிற்கிறது. அதற்கு மருந்து கிடையாது. இதழை உருவி, அடியில் வெளுத்திருக்கும் நுனியைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும், கசப்பு அங்கேதான். தோசை ஊற்றிய கையோடு தூவினால் ஒட்டிக்கொள்ளும். வாயில் லேசாக எலுமிச்சைத் தோல் வாசனை. சாமிப் பூவைத் தின்பதா என்று மனைவிக்கு இன்னும் மனசு வரவில்லை. முட்டை மட்டும் சாப்பிடுகிறார்! மஞ்சள் கரு நிறம் பிடிக்கக் கோழித் தீவனத்தில் சேர்ப்பது இதே பூவின் சாயத்தைத்தான்.

ஆங்கிலத்தில் 'மேரிகோல்டு' என்று இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள். ஒன்று நம்ம செண்டுமல்லி. வெளிநாட்டுக் களிம்புகளில் வருவது பெரும்பாலும் காலண்டுலா. அது வேறு செடி.

அப்புறம், தக்காளி போடுகிறவர்களுக்கு. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவைத் தேடிப்போய் முட்டையிடும். தக்காளி நாற்று 25 நாள் என்றால் செண்டுமல்லி நாற்று 40 நாளாவது இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். முதல் தடவை நான் ஒரே வயசு நாற்றாக நட்டேன். செண்டுமல்லி மொட்டு விடுவதற்குள் புழு தக்காளிக்குள் போய்விட்டது.

அடுத்த முறை சமையல் குறிப்பு போடும்போது, மருந்து அடிக்காத வீட்டுச் செடிப் பூ மட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பூ விவசாயி ஒருவர்,
சத்தியமங்கலம் வட்டம்