தம்பியின் வேலை விஷயமாக

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அன்றைக்கு தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு வடிவாகப் பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் மாமி நின்றா. அதுதான் எழுதுகிறேன். தம்பியே வாசித்துக் காட்டட்டும், அவனைப் பற்றின கதைதானே.

அவனுக்கு இங்கே மீன் கொம்பனியில் வேலை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். எங்கள் கலியாணப் பேச்சு நேரம் மாமி சொன்ன கதை உங்கள் மனதில் அப்படியே நிற்கிறது போல. அது எண்பதுகளின் கடைசிக் கதை அம்மா. நோர்வேயின் இந்த வடக்குக் கரையில் மீன் வெட்ட ஆள் கிடைக்காத காலம், எங்கட ஆட்கள் வார்டோ, போட்ஸ்ஃபியோர், ஹாமர்ஃபெஸ்ட், இந்த ஹொன்னிங்ஸ்வோக் என்று ஊர் ஊராக வந்து நின்று முள்ளெடுத்தார்கள். கத்தி பிடித்த மாமியின் விரல் இரண்டு இன்றைக்கும் குளிர் கூடினால் மடங்காது.

அவர்கள் வந்த நேரமும் நல்ல நேரம் இல்லை. கடலில் கொட் மீன் குறைந்துவிட்டது என்று 1989 ஏப்ரலில் கரையோர வள்ளங்களை நிற்பாட்டி, அடுத்த வருடத்திலிருந்து வள்ளத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைத்துவிட்டார்கள். கடலில் பிடிக்கிறதுக்கும் அளவா என்று அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். மொத்தம் எவ்வளவு கொட் பிடிக்கலாம் என்று வருடா வருடம் நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. 2013இல் 10 லட்சம் தொன், 2025இல் 3,40,000 தொன். அவ்வளவு இறங்கிவிட்டது.

மீன் வராமல் இல்லை. வருகிறது, ஆனால் ஊரில் நிற்பதில்லை. தலையை வெட்டி, குடலை எடுத்து, உறைய வைத்து முழு மீனாகவே நிறைய ஏற்றி விடுகிறார்கள். சீனாவிலும் போலந்திலும் வெட்டித் துண்டாக்கித் திரும்ப ஐரோப்பாக் கடைகளுக்கு வருகிறது. கடலுக்கு அடியால் கிட்டத்தட்ட 7 கிலோமீற்றர் சுரங்கப்பாதை 1999இல் திறந்தார்களே, அது வந்தால் ஊர் செழிக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். மாமி வேலை செய்த இடம் பூட்டிப் பல வருடம். மிச்சம் இருக்கிற இடங்களில் பருவத்துக்கு வந்து போகிற லித்துவேனியா, போலந்துப் பெடியன்கள்தான். அவர்களுக்கு விசா வேண்டாம், எங்களுக்கு வேண்டும். தமிழர் அநேகம்பேர் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள், பொங்கலுக்கு ஒரு பானையே எங்களுக்குக் காணும்.

இப்போது ஊருக்குக் காசு கப்பலில் வருகிறது. ஊர்ச் சனம் இரண்டாயிரத்துச் சொச்சம், ஒரு உல்லாசக் கப்பலில் மட்டும் மூவாயிரம் பேர் வந்து இறங்குவார்கள். மே நடுவிலிருந்து யூலை கடைசி வரை சூரியன் மறையாது. நடுச்சாமத்திலும் பஸ் பஸ்ஸாக நோர்ட்காப் என்கிற வடமுனைக்குப் போவார்கள், 307 மீற்றர் உயரச் செங்குத்துப் பாறை, அதற்கு மேல் இரும்பில் ஒரு உலக உருண்டை. பாதி நாள் பனிப்புகார் மூடி ஒன்றுமே தெரியாது. பூட்டின கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டு வருகிற மாதிரி, புகாரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சாப்பாடு எல்லாம் கப்பலில், ஊருக்குள் வாங்குவது ஒரு தொப்பி, ஒரு தபால் அட்டை. நான் கோடைக்கு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறேன், செப்டெம்பரோடு அந்த வேலையும் மெலிந்துவிடும்.

நண்டுக் கதை சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரஷ்யாக்காரர் அறுபதுகளில் தங்கள் பக்கக் கடலில் கொண்டுவந்து விட்ட ராஜ நண்டு, மெல்ல மெல்ல இங்கால் நடந்து வந்துவிட்டது. முதலில் வலையை நாசமாக்குகிற சனியன் என்று திட்டினார்களாம், இப்போது உயிரோடு விமானத்தில் கொரியாவுக்குப் போகிறது. வெள்ளைக்காரர் சிவப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு வள்ளத்தில் போய் அதைக் கையில் தூக்கிப் படம் எடுக்கவே காசு கொடுக்கிறார்கள்! போன மாதம் உங்கள் மருமகனின் கூட்டாளி ஒன்று தந்தார், ஐந்து கிலோ இருக்கும். ஓடு முழுக்க முள், கத்தி சரிவராமல் கத்தரிக்கோலால் காலை நெடுக வெட்டித் திறந்தேன். நீங்கள் அனுப்பின கடைசி ஒடியல் மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினேன். பலாக்கொட்டை இல்லை, முருங்கை இலைக்குப் பதில் கீரை. நண்டு சரியான இனிப்பு, பழப்புளி இரண்டு தரம் விட வேண்டி வந்தது.

உங்கள் பேரனும் உழைக்கிறான். மீன் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொட் மீனின் நாக்கு வெட்டப் போவான். அது இங்கே பிள்ளைகளின் வேலை, பெரியவர்கள் கை வைப்பதில்லை. நட்டு வைத்த ஆணியில் தலையைக் குத்தி, ஒரே இழுப்பில் நாக்கை எடுத்து, தலையைத் தட்டி விடுவான். தலை காய்ந்து நைஜீரியாவுக்குப் போகும். ஜக்கற் முழுக்க நாற்றம். அப்பா கடலால் வந்த மணம்தான், திட்ட மனம் வரவில்லை.

காரைநகரில் வள்ளம் கட்டின சீநோர் நிறுவனத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். யாழ்ப்பாணத்து அந்தோணி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்து, பிறகு நோர்வேச் சனத்திடம் காசு சேர்த்து எங்கள் பக்கத்தில் அதைத் தொடங்கினது, தாத்தாவின் முதல் ஃபைபர் வள்ளம் அங்கே செய்தது என்று. படம் கேட்கிறான். சாமியறை அலமாரிக்குள் இருக்கும், தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள்.

சரி, தம்பி, உனக்கு. மீன் வெட்டுகிறதுக்கு என்று இங்கே வராதே. உனக்கு வள்ள இஞ்சின் கழற்றிப் பூட்டத் தெரியும், அந்த வேலைக்கு இங்கே எப்போதும் ஆள் தேவை. ஆனால் கைவேலை தெரியும் என்று சொன்னால் போதாது, படித்த சான்றிதழ் கேட்பார்கள். பாதியில் விட்ட அந்த மெக்கானிக் படிப்பை முடி. முடித்துவிட்டு எழுது, அத்தானும் நானும் விசாரித்துப் பார்க்கிறோம். கடன் வாங்கி எந்த ஏஜென்சிக்காரனிடமும் காசு கட்டாதே.

அம்மா, பார்சல் போடுவதென்றால் ஒடியல் மா இரண்டு கிலோ, பலாக்கொட்டை காயவைத்தது கொஞ்சம். கருவாடு வேண்டாம், இங்கே வீட்டைச் சுற்றி அதுதான்.

அன்பு மகள்