எங்கள் லேஸ் குரோஷா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் லேஸ் சங்கத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியதற்கு நன்றி. ஆனால், "பெண்கள் ஓய்வு நேரத்தில் குரோஷா ஊசியால் பின்னும் லேஸ்" என்ற வரி எங்கள் எல்லோரையும் வருத்திவிட்டது. அன்று ஒருவர் கையிலும் குரோஷா ஊசி இல்லை. நிருபர் படமெடுத்த, லேஸ் பின்னுவதற்கான தலையணையில் பாபின்கள், அதாவது நூல் சுற்றிய சிறு கட்டைகள், வரிசையாகக் கிடந்தன.

குரோஷா குறைந்ததல்ல. ஆந்திரத்து நரசாபுரம் அதற்குப் பேர்போன ஊர். ஆனால் அதற்கு ஒரு கொக்கியும் ஒரு நூலும் போதும். எங்களுடையது பாபின் லேஸ். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நாகர்கோவிலில் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் கற்றுக்கொடுத்த வரலாறு தங்களுக்குத் தெரியாததல்ல.

இதில் பாபின்கள் ஜோடி ஜோடியாகத்தான் நகரும். இரண்டு ஜோடியை எடுத்து, நடுவிலுள்ள இரண்டில் இடதை வலதின் மேல் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டு முறுக்க வேண்டும். மறுபடி நடு இரண்டையும் மாற்றினால் துணி மாதிரி நெருக்கமாக விழும். அந்தக் கடைசி மாற்றலை விட்டால் வலையாக விரியும்.

தலையணைக்குள் வைக்கோலை இறுக்கித் திணிக்க வேண்டும். பஞ்சு வைத்தால், பின்னலைப் பிடித்து நிறுத்த அதில் குத்தும் குண்டூசி சாய்ந்து, நூலின் இழுப்பு விட்டு, ஓரம் நெளியும். குண்டூசியும் பித்தளையாக இருக்க வேண்டும். வேலூர் வெயிலில் கை வேர்வை பட்டு இரும்பு ஊசி துருப்பிடித்தால், வெள்ளை நூலில் ஏறும் கறை துவைத்தாலும் போகாது. முடிந்த பகுதியின் ஊசிகளை அவசரப்பட்டுப் பிடுங்கினாலும் லேஸ் சுருங்கிவிடும். இத்தனையும் ஓய்வு நேர வேலையா?

முன்பும் எங்கள் கண்காட்சிச் செய்திக்கு மெஷின் லேஸ் படத்தைத்தான் போட்டீர்கள். அதைப் பார்த்து வந்தவர்கள், கடையில் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எங்களிடம் பேரம் பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம் நகர்ந்தாலே பெரிது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? அது பற்றி நாங்கள் தங்களுக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை.

"அது பாபின் லேஸ்" என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் எங்கள் சனிக்கிழமை வகுப்பையும் சேர்த்தால் நன்றியுடையோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள் சார்பாக ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்