பெரிய மீனுக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் பரிணாமம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காலாபகோஸ் தீவுக் குருவிகள், இங்கிலாந்தின் கறுத்த விட்டில், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து என்று வழக்கமாக வருகிற எல்லாரும் வந்துவிட்டார்கள். எளிமையாகத்தான் எழுதியிருந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் படித்து முடிக்கும்போது, சூழல் நெருக்கினால் உயிர்கள் முயன்று தங்களை மாற்றிக்கொள்ளும் என்கிற எண்ணம்தான் மனதில் தங்குகிறது. அது சரியில்லை. இதெல்லாம் எங்கோ தூரத்துத் தீவில் என்றைக்கோ நடந்த சமாச்சாரம் என்றும் நம் மாவட்டத்து வாசகர் நினைத்துவிடுவார். நம் கடலிலேயே பார்க்க வேண்டிய விஷயம் இது.

நான் குமரி மாவட்டம் குளச்சலில் வலை, நூல், மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். படித்தது விலங்கியல், பிழைப்பு வலை.

கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது கண்ணி அளவைத்தான், அதாவது வலைத் துளையின் அளவை. செவுள்வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பருமன் மீன்தான் மாட்டும். சின்னது நுழைந்து போய்விடும். பெரியது முட்டிப் பார்த்துத் திரும்பிவிடும். இடைப்பட்டதுதான் தலையை விட்டு, உடம்பு போகாமல் பின்வாங்கும்போது செவுளில் நூல் விழுந்து சிக்கிக்கொள்ளும். விசைப்படகு இழுத்துப் போகும் பை வலையான இழுவைமடி அப்படியில்லை. கடைசிப் பையின் கண்ணியைவிடப் பெரியதாக இருந்து மடிக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் தப்பாது. யார் கரைக்கு வருவது, யார் கடலில் மிஞ்சுவது என்பதைக் கண்ணிதான் முடிவு செய்கிறது.

இதில் டார்வினுக்கு என்ன வேலை? ஒரே கூட்டத்து மீன்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. சில நன்றாக வளர்ந்து, உடம்பு பெருத்த பிறகு சினை பிடிக்கும். சில சின்னதாக இருக்கும்போதே சினை பிடித்துவிடும். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு தாய் தகப்பன் வழியில் வருவது. மனிதன் இறங்காத கடலில் பெருத்த மீனுக்குத்தான் யோகம்: தின்ன வருகிற எதிரி குறைவு, இடுகிற முட்டை அதிகம். ஆனால் பெரியதை எல்லாம் வருஷா வருஷம் மடி அள்ளிக்கொண்டு போனால், வளர்ந்து சினை பிடிக்கலாம் என்று இருந்த மீன் ஒரு முட்டைகூட இடாமல் ஏலக்கூடத்துக்கு வந்துவிடும். அவசரமாக முட்டையிட்டது பின்னால் பிடிபட்டாலும் அதன் குஞ்சுகள் கடலில் இருக்கும். அடுத்த தலைமுறையில் அவசரக்காரரின் பிள்ளைகள் கூடும், அதற்கடுத்ததில் இன்னும் கூடும். எந்த மீனும் இதற்காக முயலவில்லை. கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்கிற கணக்குத்தான் மாறியது. 1858-இல் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட சங்கதியும் இதுதான்.

(எங்கள் கரையில் இதைப் பேசினால், பரிணாமம் மாதா கோயிலுக்கு ஆகாதே என்று இழுப்பவர்கள் உண்டு. பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று போப் இரண்டாம் ஜான் பாலே 1996-இல் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன?)

கொசுப்புழு தின்பதற்காகச் சுகாதாரத் துறையினர் கிணற்றில் விடுகிற கப்பி மீன் எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சொந்த ஊர்களில் ஒன்று டிரினிடாட் தீவு. அங்கே அருவிகளுக்குக் கீழே, வளர்ந்த கப்பியைப் பிடித்துத் தின்னும் வேட்டை மீன் இருக்கிறது. அதனால் அங்குள்ள கப்பிகள் சின்ன உடம்பிலேயே பருவமடைந்து, பொடிப்பொடியாக நிறையக் குட்டி போடும். 1976-இல் ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் அவற்றில் சிலவற்றை எடுத்து, கப்பியும் இல்லாத, அந்த வேட்டை மீனும் இல்லாத மேல் ஓடை ஒன்றில் விட்டார். 11 ஆண்டு கழித்துப் பார்த்தால் அவற்றின் வாரிசுகள் தாமதமாக, பெரிய உடம்போடு பருவமடைந்தன. ஆய்வகத்தில் ஒரே தண்ணீர், ஒரே தீனி கொடுத்து வளர்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை. இரத்தத்திலேயே ஊறிவிட்டது என்று அர்த்தம். வேட்டை மீன் செய்கிற வேலையை மடியும் செய்யும்தானே?

செய்யும் என்று 2002-இல் காட்டினார்கள். நியூயார்க் பக்கம் சில்வர்சைடு என்று விரல் நீள மீன் உண்டு, ஆயுள் ஏறத்தாழ ஒரு வருஷம். டேவிட் கொனோவரும் ஸ்டீபன் மன்ச்சும் அதைத் தொட்டிகளில் வளர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை பத்தில் ஒன்பதைப் பிடித்தார்கள். சில தொட்டிகளில் பெரியதாகப் பார்த்துப் பிடித்தார்கள், சிலவற்றில் சின்னதை, சிலவற்றில் கைக்கு வந்ததை. நான்கே தலைமுறையில், பெரியதைப் பிடித்த தொட்டிகளில் கிடைத்த மொத்த எடை, சின்னதைப் பிடித்த தொட்டிகளில் கிடைத்ததில் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. அப்புறம் அந்தத் தேர்வை நிறுத்திப் பார்த்தார்கள். ஐந்து தலைமுறை ஆகியும் மீன் முழுசாகப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இறங்கின வேகத்தில் ஏற்றம் இல்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதை தெரிந்ததுதான். அளவுக்கு மீறிப் பிடித்து மீன் அற்றுப்போனதால் 1992-இல் மீன்பிடிப்பையே மூடினார்கள், சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று, 2024-இல்தான் சிறிய அளவில் வணிகத்துக்குத் திறந்தார்கள். மூடுவதற்கு முன்பே அந்த மீன் சின்ன வயதில், சின்ன உடம்பில் பருவமடையத் தொடங்கியிருந்தது. அதில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அந்த வாதம் நமக்கும் வேண்டியதே. மீன் சிறுத்தால் உடனே பரிணாமம் என்று சொல்லிவிட முடியாது. 2024 மழைக்காலத்துக்குப் பிறகு கேரளக் கரையில் சாளை (மத்தி) வளராமல் நின்றபோது, குஞ்சுகள் அளவுக்கு மீறிப் பெருகித் தீனிக்குப் போட்டி வந்ததைத்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் காரணமாகச் சொன்னது. தீனி கிடைக்காமல் சிறுத்த மீனின் குஞ்சுக்குத் தீனி கிடைத்தால் அது வளர்ந்துவிடும். மடியால் சலிக்கப்பட்டுச் சிறுத்த கூட்டம் அப்படி வளராது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரி, நம் சட்டங்கள் என்ன செய்கின்றன? இரண்டு மீன்பிடித் தடைக்காலம் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டுமே 61 நாள். நல்ல ஏற்பாடு. ஆனால் தடை முடிந்த மறுநாள் மடி இறங்கும்போது பெரியதையே முதலில் அள்ளுகிறது. கேரளத்தில் சாளை 10 செ.மீ., அயிலை (கானாங்கெளுத்தி) 14 செ.மீ. என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். குஞ்சுகளுக்கு அது பெரிய பாதுகாப்பு, இங்கும் கண்டிப்போடு வேண்டும். ஆனால் கண்ணி விதி, அளவு விதி எல்லாமே சின்னதை விடு, பெரியதைப் பிடி என்பவை. கொனோவர் சில தொட்டிகளில் செய்ததும் அதுதான்!

பெரிய தாய் மீனை இந்த விதிகள் கணக்கில் எடுப்பதில்லை. காட் இனத்தில் 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் மீன் இடும் முட்டைகள், 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிற அந்த ஒரு மீன் கடலில் இருந்தால் எவ்வளவு பெறும் என்று பாருங்கள். மடியில் ஏறிய பெரிய மீனைத் திருப்பி விட்டாலும் அநேகமாகப் பிழைக்காது. அதனால் மீனுக்குத்தான் இடம் விட வேண்டும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க கடலடி மேடு இருக்கிறதே, அதில் சில பார்களையாவது (பாறைத் திட்டுகளை) மடியும் தூண்டிலும் இறங்காத இடமாக அறிவிக்கலாம். தூண்டில்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், தெரியும். அவர்கள் கொக்கியும் பெரியதைத் தேடித்தான் போகிறது.

அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய செலவும் இல்லை. இறங்குதளங்களில் எத்தனை டன் என்பதோடு, சினை பிடித்த மீன்களில் மிகச் சின்னது எத்தனை செ.மீ. என்றும் குறித்துவர வேண்டும். சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிற அக்காமார்தான் தினமும் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறவர்கள். மீன்வளத் துறை அவர்களுக்கு ஒரு அளவுகோலும் நோட்டும் கொடுத்து, நேரத்துக்கு ஒரு கூலியும் கொடுக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை அயிலை, சூரை, விளமீன் என்று இனவாரியாக அந்தக் கணக்கைத் தங்கள் இதழ் வெளியிடுமா?

இப்படிக்கு,
வலைக்கடைக்காரர் ஒருவர்,
குளச்சல்