கேட்னிப் என்று நீங்கள் அனுப்பிய விதைகள் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கேட்னிப் வளர்ப்புப் பெட்டியில் வேறு செடியின் விதை இருந்தது குறித்தும், அதற்கு நீங்கள் தந்த பதில் குறித்தும்

ஐயா / அம்மையீர்,

நான்கு மாதங்களுக்கு முன் உங்களிடம், வாசத்தால் பூனைகளை மயக்கும் செடியான கேட்னிப்பின் வளர்ப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். சட்டி, மண்கலவை, விதை உறை, குறிப்புத் தாள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அந்த விதையில் முளைத்தது கேட்னிப் இல்லை. இதை இரண்டு முறை மின்னஞ்சலில் எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: எல்லாப் பூனைகளுக்கும் கேட்னிப் பிடிப்பதில்லை, அது மரபு வழி வரும் குணம், செடியில் குறை ஏதுமில்லை என்று. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சொன்ன செய்தி உண்மைதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனை கேட்னிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. என் வீட்டில் இருக்கும் இரண்டு பூனைகளில் கரியன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் நான் செடி வளர்த்தது பொன்னிக்காக. அவளுக்குப் பதினொரு வயது. கூடப் பிறந்தவன் போன வருடம் இறந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தாள். விளையாட்டுக் காட்டினால் கண்ணை மட்டும் திறந்து மூடுவாள். ஒரு நாள், காய்ந்த கேட்னிப் இலை அடைத்த துணிப்பொம்மை ஒன்றைக் கொடுத்தேன். முகர்ந்தாள், நக்கினாள், கன்னத்தை அதன்மேல் தேய்த்து, மல்லாந்து புரண்டாள். பத்து நிமிடம் இருக்கும். அவள் அப்படிப் புரண்டு பார்த்துப் பல மாதமாகியிருந்தது. சில வாரங்களில் பொம்மையில் வாசம் போய்விட்டது. பச்சைச் செடியே வீட்டில் இருந்தால் நல்லது என்று நினைத்துத்தான் உங்கள் பெட்டியை வாங்கினேன். ஆகவே கேட்னிப்புக்கு மயங்கும் பூனை பொன்னி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வளர்ப்பிலும் குறை வைக்கவில்லை. விதையை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே மண்ணை மெல்லத் தூவி மூடினேன். பத்தாம் நாள் முளை கண்டது. தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன். நுனியைக் கிள்ளிக் கிளை விடச் செய்தேன். செடி செழித்து வளர்ந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வந்தது. பொன்னி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பக்கமே வரவில்லை.

தாவரவியல் கற்பிக்கும் என் தோழி ஒருத்தி வந்து பார்த்தாள். இலையைத் தொட்டதுமே இது லெமன் பாம் என்ற எலுமிச்சை வாசச் செடி என்று சொல்லிவிட்டாள். குழப்பம் வருவது இயல்புதான். இரண்டுமே புதினாக் குடும்பம், இரண்டுக்கும் நாற்கோணத் தண்டு, எதிரெதிரே பல் வெட்டிய இலைகள். ஆனால் கேட்னிப் இலை சாம்பல் பூத்த பச்சையாக, மென்மயிரோடு வெல்வெட் போல இருக்கும். உங்கள் விதையில் வந்த இலையோ பளிச்சென்ற பச்சை, மேலெல்லாம் சுருக்கம். கேட்னிப்புக்குப் பூ கிளை நுனியில் கதிராகக் கட்டும். இதற்கு இலை தண்டோடு சேரும் இடங்களில் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

தோழி தன் வீட்டுச் செடியிலிருந்து கேட்னிப் தண்டு ஒன்றை வெட்டித் தந்தாள். அதைத் தண்ணீரில் வேர்விட வைக்கும்முன் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கித் தரையில் போட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பொன்னி தானாகவே எழுந்து வந்தாள். நேரே இலையிடம் போய்த் தாடையைத் தேய்த்துப் புரண்டாள். இலை நசுங்கும்போது வெளிவரும் நெப்பெட்டலாக்டோன் என்ற பொருள்தான் பூனையை இப்படி ஆக்குகிறது. அது அந்தக் கிள்ளிய இலையில் இருந்தது, உங்கள் செடியில் இல்லை. குறை என் பூனையின் மரபில் இல்லை.

பணமும் நான்கு மாத உழைப்பும் வீணானதைவிட என்னைக் கலங்க வைப்பது வேறு. லெமன் பாமால் பொன்னிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் இதே புதினாக் குடும்பத்தில்தான் பென்னிராயல் என்ற செடியும் இருக்கிறது. அதிலுள்ள புலிகோன் என்ற நச்சுப்பொருள் பூனையின் கல்லீரலைக் கெடுக்கும். உறை மாறியது அந்த விதையாக இருந்திருந்தால்? பூனை கடித்துத் தின்பதற்கென்றே விற்கும் செடி இது. அலங்காரச் செடியில் பெயர் மாறுவதும் இதில் மாறுவதும் ஒன்றல்ல.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாவரவியல் பெயர் எங்குமே இல்லை. தமிழில் 'பூனைவணங்கி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பூனைவணங்கி என்பது குப்பைமேனியின் பெயர். அதன் வேருக்குப் பூனை மயங்கும் என்பதால் வந்த பெயர் அது. குப்பைமேனி ஆமணக்குக் குடும்பத்துச் செடி, தாவரவியலில் அகாலிபா இண்டிகா. கேட்னிப்புக்கும் அதற்கும் உறவே இல்லை. உங்கள் உறையை நம்பி யாராவது வேலியோரத்துக் குப்பைமேனியைப் பிடுங்கி வந்து பூனைக்குப் போட்டால் யார் பொறுப்பு? பெயர் ஒரு செடிக்கு, படம் இன்னொரு செடிக்கு, உள்ளே இருந்த விதை மூன்றாவது செடிக்கு.

குறிப்புத் தாளையும் திருத்த வேண்டும். எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருக்கிறீர்கள். அளவு மீறினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒரு மாதக் குட்டிக்கும் கொடுக்கலாம் என்கிறீர்கள். மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்வரை பெரும்பாலான குட்டிகளுக்கு அதன் மயக்கமே தெரியாது. நாற்றைக் கம்பிவலை போட்டு மூட வேண்டும் என்ற ஒரு வரி கூட இல்லை. உண்மையான கேட்னிப்பாக இருந்தால், முளைவிட்ட மறுநாளே பூனை அதன்மேல் படுத்து நசுக்கிவிடும்.

நான் கேட்பது இதுதான். என் பெட்டியில் இருந்தது எந்த விதை என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதே தொகுதி எண்ணில் வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள். விசாரித்து முடிக்கும்வரை மிச்ச உறைகளை விற்காதீர்கள். இனி வரும் உறைகளில் நெப்பெட்டா கட்டாரியா என்ற கேட்னிப்பின் தாவரவியல் பெயரைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு, பூனைவணங்கி என்பதை எடுத்துவிடுங்கள். என் பணத்தைத் திருப்பித் தருவது இவற்றுக்கெல்லாம் பிறகு இருக்கட்டும், ஆனால் தந்தாக வேண்டும். பதிலாக இன்னொரு பெட்டி அனுப்ப வேண்டாம். தோழி தந்த தண்டு வேர்விட்டு, இப்போது சட்டியில் நான்கு இலை விட்டிருக்கிறது.

15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். மரபு பற்றிய அந்தப் பழைய பதிலே மறுபடியும் வந்தால், இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பொன்னியை வளர்ப்பவர்

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், தொகுதி எண் தெரியும் உறையின் படம், இரண்டு செடிகளின் இலைகளும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள படங்கள், விதைக்காமல் எடுத்து வைத்த பத்து விதைகள்