கோவை ஃபவுண்டரி முதலாளிகளுக்கும் பர்ச்சேஸ் துறைக்கும்

வணக்கம். உங்கள் ஷெட்டுகளில் கிரேன் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்களில் ஒருவன் எழுதுகிறேன். எந்த ஸ்பேரை ஸ்டோரில் வைப்பது என்பதை அதன் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது இல்லையென்றால் கிரேன் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

உருகிய இரும்பை ஊற்றும் வாளியான லேடிலைத் தூக்கிப்போகும் கிரேன் நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு லேடிலிலேயே உறைந்துபோகும், அதைவிட முக்கியம், கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

கிரேனின் கம்பி ரோப்பையே எடுத்துக்கொள்வோம். இண்டென்டில், அதாவது வாங்கச் சொல்லி எழுதும் சீட்டில், '16 எம்.எம்., 60 மீட்டர்' என்று மட்டும் எழுதிப் போகும், கடையில் விலை குறைந்தது வரும், அதில் நடுவே நார்க் கோர் இருக்கும். லேடில் சூட்டில் அந்த நார் காய்ந்து கருகி, தாங்க ஒன்றும் இல்லாமல் புரிகள் உள்ளே அமுங்கி ரோப் இளைத்துவிடும், வெளியே பார்த்தால் ஒரு கம்பிகூட அறுந்திருக்காது. 'ஸ்டீல் கோர்' என்று சேர்த்து எழுதினால் போதும். மோட்டாரும் அப்படித்தான், ஹெச்.பி. ஒன்றுதானே என்று பம்ப் மோட்டாரைக் கொண்டுவந்து லோடைத் தூக்கும் ஹாய்ஸ்டில் மாட்டினால், நிமிடத்துக்கு நிமிடம் ஸ்டார்ட் ஆகி நிற்கிற வேலையை அது தாங்காது, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும்.

மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காண்டாக்டர், புஷ் பட்டன் எல்லாம் ஊருக்குள்ளேயே வாங்கிவிடலாம். கிரேன் தண்டவாளத்தில் ஓடும் எல்.டி. வீல், கியர்பாக்ஸின் சின்னப் பல்சக்கரமான பினியன், பழைய கிரேனின் பிரேக் டிரம் எல்லாம் ஆர்டர் கொடுத்துச் செய்து வர வேண்டியவை, வாரக்கணக்கில் ஆகும். கிரேன் வாங்கும்போதே பார்ட்ஸ் லிஸ்டும் டிராயிங்கும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அப்புறம் பிரேக். டிரம்மைப் பிடித்து நிறுத்தும் லைனர் தேய்ந்தால் பட்டனை விட்ட பிறகும் லோடு நாலு விரல் இறங்கும். ஆபரேட்டர் அதைச் சொன்ன அன்றைக்கே மாற்ற லைனர் ஸ்டோரில் இருக்க வேண்டும். இல்லாததால்தான் ஸ்பிரிங்கை இறுக்கி ஓட்டு என்று எங்களிடம் சொல்கிறீர்கள், அது சரியில்லை.

1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே 29-வது பிரிவில், 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியானவரைக் கொண்டு கிரேனை முழுசாகப் பரிசோதிக்கச் சொன்னது. பரிசோதனை நடக்கிறது, சான்றிதழ் ஃபைலுக்குப் போகிறது, அவர் பார்த்துச் சொன்ன தேய்மானம் மட்டும் இண்டென்டாக மாறுவதே இல்லை.

தீபாவளிக்கு ஷெட் மூடும் நாட்களில் கிரேனைப் பிரித்து வேலை பார்க்க நாங்கள் தயார். ஆனால் பார்ட்ஸுக்கு ஆர்டர் ஆடியிலேயே போயிருக்க வேண்டும். அதற்கு முன் பர்ச்சேஸிலிருந்து ஒருவரை எங்களோடு கிரேன் மேலே அனுப்புங்கள், நேம் பிளேட்டை அவரே பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.